இணையதளமே கலைப்படைப்பாக: சோதனைமுறை இணையக் கலையும் அதன் பாடச் சிக்கலும்

முன்னுரை

ஓவியங்களையும் கவிதைகளையும் காட்சிக்கு வைக்கும் இணையதளங்கள் பல உள்ளன. அவற்றில் தளம் என்பது சுவர் அல்லது ஏடு போன்ற ஒரு தாங்கி மட்டுமே. அதிலுள்ள ஓவியத்தை வேறோர் இடத்திற்கு மாற்றினாலும் ஓவியம் ஓவியமாகவே இருக்கும். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் படைப்புகள் இவற்றினின்று வேறானவை. 1990களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றிய இணையக் கலையில் உலாவி, இணைப்பு, முகவரி, மூலநிரல், காத்திருப்பு ஆகியவையே படைப்பின் மூலப்பொருள்கள். தளத்தை நீக்கினால் எஞ்சுவது ஏதுமில்லை.

இத்தகைய படைப்புகளைத் திறனாய்வாளர் எவ்வாறு படிப்பது, எதை அவற்றின் பாடமாகக் கொள்வது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. இரண்டாம் வினா காலத்தின் நெருக்கடி உடையது. இப்படைப்புகள் தோன்றிச் சில பத்தாண்டுகளே ஆன நிலையில் பலவற்றை முதலில் இயங்கியபடி காண இயலவில்லை. எது பாடம் என்று வரையறுக்காமல் எதைக் காப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த மரபுடைய தமிழாய்வுக்கு இவ்வினா புதிதன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. காட்சியும் மூலநிரலும்

நெதர்லாந்தைச் சேர்ந்த யோவான் ஹேம்ஸ்கெர்க்கும் பெல்ஜியத்தைச் சேர்ந்த டிர்க் பேஸ்மான்ஸும் இணைந்து ஜோடி என்னும் பெயரில் இயங்கி வருகின்றனர். அவர்கள் 1995இல் உருவாக்கிய தளத்தின் முதற்பக்கத்தில் கரிய பின்புலத்தில் பச்சை நிறக் குறிகள் மின்னுகின்றன. எண்களும் புள்ளிகளும் சாய்கோடுகளும் வரிசையின்றிக் கொட்டிக் கிடக்கின்றன. கணினி பழுதுற்றது என்றே முதன்முறை காண்பவர் எண்ணுவர்.

அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் காட்சி மாறுகிறது. அதே குறிகள் அங்கே ஒழுங்காக அடுக்கப்பட்டு ஓர் அணுகுண்டின் வரைபடமாகத் தெரிகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் எளியது. இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் அப்படியே காக்குமாறு சொல்லும் குறி இல்லாவிடில், எச்.டி.எம்.எல். பக்கத்தைக் காட்டும் உலாவி அவற்றைச் சுருக்கிவிடும். வரைபடம் குலைவதற்கு அந்த ஒரு குறியின் இன்மையே போதுமானது. படைப்பாளர் எழுதியது ஒன்று. கருவி காட்டுவது மற்றொன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே இப்படைப்பின் பொருள்.

தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் சித்திரகவியை இங்கு ஒப்பிட்டு எண்ணலாம். இரதபந்தத்திலும் நாகபந்தத்திலும் எழுத்துகள் ஒரு சித்திரத்தின் கட்டங்களில் நிற்கின்றன. சித்திரம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. படிக்கும் வழியைக் கண்டறிந்தவருக்குச் செய்யுள் கிடைக்கிறது. ஜோடியின் பக்கத்தில் இந்நிரல் தலைகீழாகிறது. எழுத்துக் குவியல் முதலில் தெரிகிறது. சித்திரம் மறைந்து கிடக்கிறது. இரண்டிலும் வாசகர் வழக்கமான வாசிப்புத் திசையைக் கைவிட்டால்தான் படைப்பு முழுமை பெறும். ஆயினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. சித்திரகவியில் வாசகரின் தடை புலவரின் திறத்தால் அமைவது. ஜோடியில் தடையை உண்டாக்குவது உலாவி என்னும் பொதுக்கருவி. நாள்தோறும் நம்பிப் பயன்படுத்தும் ஒரு கருவி தனக்குத் தரப்பட்டதைத் தன் விதிப்படி மாற்றியே நமக்குக் காட்டுகிறது என்பதை வேறெந்த விளக்கமும் இன்றி இப்பக்கம் உணர்த்துகிறது.

இப்படைப்பின் வலிமை எதுவோ அதுவே அதன் வரம்பும் ஆகும். பழுது என்று அஞ்சும் வாசகர் இல்லாவிடில் இதன் முதல் விளைவு குன்றும். இன்றைய வாசகர் இதைக் கலை என்று அறிந்தே திறக்கிறார். அதிர்ச்சி அறிவுச் சுவையாகச் சுருங்குகிறது. மூலநிரலில் உள்ள சித்திரம் மட்டும் அன்றுபோல் இன்றும் தன் பணியைச் செய்கிறது.

2. சட்டகமும் மௌனமும்

மாஸ்கோவில் திரைப்படத் திறனாய்வாளராகவும் சோதனைத் திரைப்படக் குழுவின் செயற்பாட்டாளராகவும் இருந்த ஒலியா லியாலினா 1996இல் உருவாக்கிய 'போரிலிருந்து என் காதலன் திரும்பி வந்தான்' என்னும் படைப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. கரிய திரையில் வெண்ணிறச் சொற்களும் கருப்பு வெள்ளைப் படங்களும் தோன்றுகின்றன. ஒருவரையொருவர் நோக்காது அமர்ந்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும், ஒரு சாளரம், அரைகுறையாக நின்றுபோகும் உரையாடல். எந்தப் போர் என்று படைப்பு கூறவில்லை.

வாசகர் ஒரு சொல்லைச் சொடுக்கும்போது திரை இரண்டாகப் பிளக்கிறது. மீண்டும் சொடுக்கினால் அப்பகுதி மேலும் பிளக்கிறது. அக்கால எச்.டி.எம்.எல். தந்த சட்டகம் என்னும் வசதியே இதற்கு அடிப்படை. வணிகத் தளங்கள் பட்டியலை ஓரத்தில் நிறுத்துவதற்காகப் பயன்படுத்திய அவ்வசதி இங்கே உறவின் விரிசலைக் காட்டும் உருவமாகிறது. ஒரு சட்டகத்தில் கேள்வி நிற்க, மற்றொன்றில் தொடர்பற்ற விடை எழுகிறது. எந்தச் சட்டகத்தை முதலில் சொடுக்குவது என்பதை வாசகர் முடிவு செய்வதால் உரையாடலின் வரிசை ஒவ்வொரு வாசிப்பிலும் மாறும். ஆனால் முடிவு மாறுவதில்லை. சொற்கள் தீர்ந்த கட்டங்கள் வெறும் கருமையாக நிற்கின்றன.

லெவ் மனோவிச் 2001இல் வெளிவந்த தம் நூலில் இப்படைப்பைத் திரைப்படத் தொகுப்புக் கலையின் பின்புலத்தில் விளக்கினார். திரைப்படத்தில் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; இங்கோ முன்வந்தவை மறையாமல் அருகருகே நிற்கின்றன. இவ்விளக்கத்துடன் ஒன்று சேர்க்க வேண்டும். அருகருகே நிற்பதால் மறதிக்கு இடமில்லாது போகிறது. சொன்ன சொல் திரையிலேயே தங்கி அடுத்த சொல்லின் இடத்தைக் குறுக்குகிறது. பேசப் பேசப் பேசுவதற்கான இடம் சிறுத்துவரும் இவ்வமைப்பே படைப்பின் துயரம். இதனை அச்சிலோ திரைப்படத்திலோ இதே வடிவில் நிகழ்த்த இயலாது. தொழில்நுட்பப் புதுமை பழசான பின்னும் இப்படைப்பு நிலைத்திருப்பதற்கு, வடிவமும் பொருளும் இவ்வாறு ஒன்றியிருப்பதே காரணம்.

எனினும் இங்கும் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. 1996இல் தொலைபேசிக் கம்பிவழி வந்த படங்கள் மெல்ல மெல்லத் திரையில் நிறைந்தன. கேள்விக்கும் விடைக்கும் இடையே வாசகர் காத்திருந்தார். அம்மௌனத்தை எழுதியவர் லியாலினா மட்டுமல்லர். இணைப்பின் வேகமும் எழுதியது. இன்றைய வேகத்தில் விடை உடனே வந்து விழுகிறது. ஓர் எழுத்தும் மாறாத நிலையிலேயே பாடம் மாறிவிட்டது.

3. முகவரியின் உரிமை

பிரித்தானியக் கலைஞர் ஹீத் பன்டிங் 1998இல் உருவாக்கிய படைப்பில் அவரைப் பற்றி ஒரு நாளிதழில் வெளிவந்த கட்டுரையே மூலபாடம். அக்கட்டுரையின் சொற்களை அவர் இணைப்புகளாக்கினார். ஒவ்வொரு சொல்லும் அச்சொல்லையே பெயராகவும் 'டாட் காம்' என்பதை ஈறாகவும் கொண்ட முகவரிக்குச் செல்லும். ஒருவரது வாழ்வைச் சொல்லும் வாக்கியம் சொல் சொல்லாகப் பிரிந்து, ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் விலைக்கு வாங்கிய அல்லது வாங்கவிருக்கும் மனையாகிறது. பொதுவுடைமையான மொழி எவ்வாறு தனியுடைமையாகிறது என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

இணைப்புகள் சென்று சேரும் தளங்கள் பன்டிங்குடையவை அல்ல. அவற்றின் உரிமையாளர் மாறலாம், தளம் மூடப்படலாம். ஆகவே இப்படைப்பின் பெரும்பகுதி படைப்பாளரின் எல்லைக்கு வெளியே உள்ளது. செயலற்ற இணைப்பு வழக்கமாகக் குறை என்று கருதப்படும். இங்கே அது படைப்பு சொல்லவந்த செய்தியின் ஒரு பகுதி.

லியாலினாவின் 'கோடை' (2013) இவ்வியல்பை வேறு வகையில் கையாளுகிறது. ஒரு பெண் ஊஞ்சலாடும் சிறு அசைபடம் அது. அதன் ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு வழங்கியில் உள்ளது. உலாவி ஒரு வழங்கியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதாலேயே ஊஞ்சல் அசைகிறது. முகவரிப் பட்டையும் இடைவிடாது மாறுகிறது. இணைப்பு மெதுவானால் ஊஞ்சலும் மெதுவாகும். ஒரு வழங்கி நின்றால் சங்கிலி அறும். அச்சட்டங்களை ஒரே கோப்பாகத் தொகுத்துக் காத்தல் எளிது. அவ்வாறு செய்தால் ஊஞ்சலாடும் பெண் எஞ்சுவாள். பலர் தத்தம் இடத்தில் தாங்கியதால் ஆடிய ஊஞ்சல் எஞ்சாது.

4. படியெடுத்தலும் பதிப்பும்

1997இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த பத்தாவது டாக்குமென்டா கண்காட்சியில் இணையக் கலைக்கு இடம் தரப்பட்டது. கண்காட்சி முடிந்ததும் அதன் தளம் இணையத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஸ்லோவேனியக் கலைஞர் வூக் சோசிச் நீக்கத்திற்கு முன்பே தளம் முழுவதையும் படியெடுத்துத் தம் வழங்கியில் வைத்தார். அச்செயலையே தம் படைப்பாகவும் அறிவித்தார். களவும் காப்பும் ஒன்றாகிய இச்செயல் படியெடுத்தலின் பழைய உண்மையை நினைவூட்டுகிறது. ஓலைச்சுவடிகள் நமக்குக் கிடைத்திருப்பது அவை அழியாதிருந்ததால் அன்று. அழியுமுன் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டதால்.

படியெடுத்தால் மட்டும் போதுமா என்பதே அடுத்த வினா. டக்ளஸ் டேவிஸ் 1994இல் தொடங்கிய 'உலகின் முதல் கூட்டு வாக்கியம்' என்னும் தளத்தில் எவரும் எதையும் சேர்க்கலாம். முற்றுப்புள்ளி மட்டும் இடக்கூடாது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2013இல் அதைச் செப்பனிட்டபோது இரு வடிவங்களை முன்வைத்தது. ஒன்று செயலற்ற இணைப்புகளுடன் சிதைந்த நிலையிலேயே விடப்பட்டது. மற்றொன்று இன்றைய உலாவியில் இயங்கி, புதிய சேர்க்கைகளையும் ஏற்பது. முன்பு கொரிய மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் குறியேற்ற வேறுபாட்டால் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன.

இந்த இடர்ப்பாட்டைத் தமிழர் நன்கறிவர். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் அமைந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் ஒட்டுக்குறி ஏறிய இலத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்ககால மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியதால் அவை இன்று படிக்கக் கிடைக்கின்றன. அங்கு அம்மாற்றம் முற்றிலும் தகும். பழைய இலக்கியத்தின் பாடம் எழுத்துருவைச் சார்ந்ததன்று. ஜோடியின் தளத்தை அவ்வாறு 'திருத்தினால்' அணுகுண்டின் வரைபடம் முதற்பக்கத்திலேயே தெரியும், படைப்பு அழிந்துவிடும். ஒரே செயல் ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் அழிவாகவும் அமைவதால், எது பாடம் என்னும் தீர்ப்பு தொழில்நுட்பருக்கு முன்பே திறனாய்வாளரிடம் கேட்கப்பட வேண்டியது.

இன்று இரு முறைகள் கையாளப்படுகின்றன. முதலாவது பெயர்த்தெழுதல், பழைய நிரலைப் புதிய நியமத்திற்கு மாற்றுதல். இரண்டாவது சூழல் மீளாக்கம். பழைய இயங்குதளத்தையும் உலாவியையும் மென்பொருளால் மீண்டும் உருவாக்கி, அதனுள் பழைய கோப்பை மாற்றமின்றி இயக்குதல். நியூயார்க்கின் ரைசோம் நிறுவனம் இரண்டாம் முறையை வளர்த்தெடுத்துள்ளது. நிரலைத் தொடாதிருப்பது அதன் சிறப்பு. ஆனால் வாசகர் அப்போது ஒரு சாளரத்திற்குள் மற்றொரு சாளரமாகப் பழங்காலத்தைப் பார்க்கிறார். படைப்பு வாழும் இணையத்திலிருந்து விலகி அருங்காட்சிப் பொருளாகிறது. லியாலினாவின் சட்டகங்களுக்கு இது பொருந்தும். வெளித்தளங்களையே நம்பிய பன்டிங்கின் படைப்புக்கு இது பொருந்தாது.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தேர்ந்தார். எந்தச் சுவடியும் தனியே முழுமையானதன்று என்பது அப்பணியின் அடிப்படை. இணையக் கலைக்கும் அத்தகைய பதிப்பு தேவை. கோப்புகள், மீளாக்கம் செய்த இயக்கம், திரையின் பதிவு, அக்கால வாசகர் எழுதிவைத்த குறிப்புகள் ஆகிய யாவும் ஒரு படைப்பின் சுவடிகளே. அவற்றுள் எதுவும் மூலமன்று. அனைத்தையும் ஒப்பிட்டே மூலம் உய்த்துணரப்படும்.

முடிவுரை

மேற்கண்ட படைப்புகள் நான்கும் நான்கு வேறிடங்களில் தம் பாடத்தைக் கொண்டுள்ளன. ஜோடியின் பாடம் மூலநிரலுக்கும் காட்சிக்கும் இடையில் உள்ளது. முதல் லியாலினாவின் பாடம் வாசகரின் சொடுக்கிலும் காத்திருப்பிலும் உள்ளது. பன்டிங்கின் பாடம் பிறருடைய முகவரிகளில் உள்ளது. ஊஞ்சலின் பாடம் வழங்கிகளின் ஒத்துழைப்பில் உள்ளது. ஆகவே இணையக் கலைக்கெனப் பொதுவான ஒரே காப்புமுறை அமையாது. ஒவ்வொரு படைப்புக்கும் அதன் பாடம் எங்குள்ளது என்பதை முதலில் கூறியாக வேண்டும்.

அதைக் கூறுவது திறனாய்வின் கடமை. எந்த உலாவியில், எந்த வேகத்தில், எந்த வரிசையில் சொடுக்கிப் படித்தோம் என்பதைப் பதிவுசெய்யாத கட்டுரை பிற்காலத்தவருக்குப் பயன்படாது. நூலின் பதிப்பாண்டைக் குறிப்பது போல இதனையும் ஆய்வு நெறியாகக் கொள்ளுதல் வேண்டும். நூலகங்கள் இணைய முகவரியை மட்டும் பட்டியலிடாமல் படைப்பு இயங்கும் முறையின் விவரிப்பையும் சேர்த்துவைத்தல் நன்று. வழங்கிகள் நின்றபின் ஊஞ்சல் ஆடியதற்கு அந்த விவரிப்பு ஒன்றே சான்றாக எஞ்சக்கூடும்.