பூட்டு என்னும் வினையும் அதன் துணைகளும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘லீவர்’ எனப்படும் மெல்லிய தகடுகள் வில்லின் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்கும்போதுதான் தாழ் நகரும் என்பது இப்பூட்டின் அமைப்பு. ஒரு தகடு இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறவாது. திண்டுக்கல் பட்டறைகளில் கையால் அராவிச் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டின் நேர்த்தியை வியந்தவர் பலர். அந்த ஊர் மக்கள் ‘பூட்டு’ என்னும் வினைச்சொல்லைக் கையாளும் நேர்த்தி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் நாள்தோறும் வாயில் புழங்குவதால் அது கலையாகக் கண்ணில் படுவதில்லை.

இந்த நேர்த்தி தங்கியிருக்கும் இடம் துணைவினை. ‘பூட்டி’ என்பது போன்ற வினையெச்சத்தை அடுத்து வந்து, தன் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, முதல்வினையின் நிகழ்ச்சியைப் பேசுபவர் எவ்வாறு நோக்குகிறார் என்பதைக் காட்டும் வினையே துணைவினையாகும். பூட்டுதல் என்னும் செயலில் வகை மிகுதியில்லை; தாழ் உள்ளே போகும், சாவி திரும்பும், அவ்வளவே. செயல் மாறாதிருக்கையில் பொருள் மட்டும் மாறுவதால், துணைவினையின் ஆற்றலைக் கலப்பின்றிச் சுவைக்க இவ்வினையைப் போல் வாய்ப்பானது வேறில்லை.

‘கதவைப் பூட்டினான்’ என்பது செய்தி. ‘பூட்டிவிட்டான்’ என்றவுடன் செயல் முடிந்தது, இனி மாற்றுவதற்கில்லை என்னும் உறுதி சேர்கிறது. இடத்துக்கேற்ப அதுவே நிம்மதியாகவும் ஒலிக்கும், ‘சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான்’ என்பதில் போலக் கைமீறிய வருத்தமாகவும் ஒலிக்கும். ‘நகையைப் பூட்டிவை’ என்பதில் வரும் ‘வை’ எதிர்காலத்தை நோக்குகிறது. பின்னொரு நாள் தேவைப்படும் என்னும் முன்யோசனை அதில் உண்டு. ‘வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள்’ என்பதிலோ, பூட்டியவர்கள் அவ்வீட்டைப் பற்றி மேற்கொண்டு கவலைப்படவில்லை என்னும் குறை தொனிக்கிறது. விடுதல், வைத்தல், போடுதல் ஆகிய மூன்றும் கையிலுள்ள பொருளைக் கையை விட்டு நீக்கும் செயல்களே. நீக்கும் விதத்தில் இருந்த வேறுபாடு, சொற்கள் துணைவினையாக மாறிய பின்னரும் மனத்தின் வேறுபாடாகத் தங்கியிருக்கிறது. கூர்ந்து நோக்கினால், துணைவினையின் அழகு முழுவதும் இந்த எச்சத்தில்தான் உள்ளது.

‘கொள்’ இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது. ‘அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்’ என்பதில் செயலின் பயன் செய்தவரையே வந்தடைகிறது. ஆனால் ‘கதவு தானாகவே பூட்டிக்கொண்டது’ என்பதில் செய்தவர் எவருமில்லை. தனக்கென விரும்பிச் செய்ததையும் எவரும் விரும்பாமல் நேர்ந்ததையும் ஒரே சொல் தாங்குவது முரணாகத் தோன்றினும், இரண்டிலும் செயல் வெளியே எவரையும் சென்று சேராமல் தொடங்கிய இடத்திலேயே அடங்குகிறது என்பதைக் கண்டால் அம்முரண் நீங்கும். திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் ‘பூட்டிக்கொண்டு’ என்பது ‘பூட்டிக்கிட்டு’ என்றாகும்; ‘பூட்டிவிட்டு’ என்பது ‘பூட்டிட்டு’ என்று குறுகுவதோடு, ஓர் அழுத்தத்துடன் ‘பூட்டிப்புட்டு’ என்றும் வரும். எழுத்துத் தமிழில் இல்லாத ஒரு வேகம் அந்தப் பகரத்தில் இருக்கிறது.

கடைவீதியில் வேறு சில துணைவினைகள் புழங்குகின்றன. செய்து முடித்த பூட்டைத் தொழிலாளி பூட்டிப்பார்க்கிறார், அதாவது சோதிக்கிறார். வணிகர் வாடிக்கையாளருக்குப் பூட்டிக்காட்டுகிறார். கை நடுங்கும் முதியவருக்கு அண்டை வீட்டார் பூட்டிக்கொடுக்கிறார். பொறுமையிழந்தவர் ‘பூட்டித்தொலை’ என்கிறார். ‘தள்ளு’ மட்டும் இங்கு ஒட்டாது, ஏனெனில் அது மிகுதியைக் குறிப்பது. ‘பூட்டுகளாகச் செய்து தள்ளுகிறார்’ என்று சொல்லலாமேயன்றி, ஒரு கதவைப் பூட்டித் தள்ள இயலாது.

நிலையைக் குறிக்கும் துணைவினைகள் இன்னும் நுட்பமானவை. ‘கடை பூட்டியிருக்கிறது’ என்றால் நாளை திறக்கக்கூடும். ‘பூட்டிக்கிடக்கிறது’ என்றால் கவனிப்பாரில்லை. ‘பூட்டியாயிற்று’, பேச்சில் ‘பூட்டியாச்சு’, என்பதில் பூட்டியவர் யார் என்பதே மறைந்து, செய்ய வேண்டியிருந்த வேலை முடிந்தது என்னும் ஒன்று மட்டும் எஞ்சுகிறது. இரவு படுக்கப்போகும் முன் வீடுதோறும் கேட்கப்படும் கேள்விக்கு இதைவிடச் செறிவான விடை எம்மொழியிலும் அரிது.

துணைவினை ஆய்வில் மொழியியலாளர் இ. அண்ணாமலை தமிழ் வினைகளின் விரிவாக்கம் பற்றி 1985இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. மற்றொரு மொழியியலாளரான ஹரால்ட் ஷிப்மன் பேச்சுத் தமிழில் இவ்வினைகள் பேசுபவரின் மனப்பாங்கை வெளிப்படுத்துவதை விரிவாக ஆராய்ந்தார். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒரு சொல்லின் துணைவினைப் பயன்பாட்டை அதன் முதல்வினைப் பொருளிலிருந்து பிரித்துக் காட்டியது பெரிய தொண்டு. ஆங்கிலம் இதையொத்த வேலையை வினைக்குப் பின்வரும் இடச்சொற்களைக் கொண்டு செய்கிறது. ‘லாக்’ என்பதனோடு ‘அப்’ சேர்ந்தால் காவல் நிலையத்துச் சிறையறையும், ‘அவுட்’ சேர்ந்தால் ஆலையின் கதவடைப்பும் பிறக்கின்றன. அங்கே செயலே வேறாகிறது. தமிழில் செயல் அப்படியே நிற்க, அதைப் பார்க்கும் பார்வை வேறாகிறது. தமிழுக்கு நெருங்கிய முறையைத் தொலைவிலுள்ள ஜப்பானிய மொழியில் காணலாம்: வைத்தலைக் குறிக்கும் ‘ஒகு’ அங்கும் துணைவினையாகி முன்னேற்பாட்டை உணர்த்துகிறது, எடுத்துவைத்து முடித்தலைக் குறிக்கும் ‘ஷிமாவு’ நம் ‘விடு’வைப் போலவே முடிவையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது.

எதிர்மறையில் இத்துணைகள் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. ‘பூட்டிவிட்டாயா?’ என்ற கேள்விக்குப் ‘பூட்டவில்லை’ என்பதே இயல்பான விடை. நடக்காத செயலுக்கு முடிவேது? ஆனால் எதிர்மறை ஏவலில் ‘விடு’ திரும்பி வரும். ‘பூட்டாதே’ என்பது வெறும் தடை. ‘பூட்டிவிடாதே’ என்பது அச்சம், உள்ளே யாரோ இருக்கிறார்கள் அல்லது சாவி உள்ளே இருக்கிறது என்று அறிந்தவரின் எச்சரிக்கை. இந்த நுட்பத்தைக் கருதாமல், இதழ்களில் கட்டுரைகளைச் செப்பனிடுவோர் சிலர் சொற்சிக்கனம் கருதி ‘விட்டது’, ‘கொண்டது’ முதலியவற்றை வெட்டுகின்றனர். அவ்வாறு வெட்டும்போது வாக்கியத்திலிருந்து போவது சொல் மட்டுமன்று, பேசியவரும் கூடவே போகிறார். இது உண்மையான இழப்பு.

துணைவினைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியும் வரும். ‘பூட்டிவைத்துவிட்டிருக்கிறார்’ என்னும் ஒரு சொல்லில் பூட்டுதலும், அதன் முன்யோசனையும், முடிவும், அம்முடிவு இன்றுவரை நிலைத்திருப்பதும் அடங்கியுள்ளன. இந்த அடுக்குக்கு வரிசையும் உண்டு. ‘வை’ முதல்வினையை ஒட்டி நிற்க, ‘விடு’ அடுத்து வர, ‘இரு’ கடைசியில் அமரும். இலக்கணம் படிக்காத சிறு குழந்தையும் இவ்வரிசையைத் தவறவிடுவதில்லை. இடம் மாற்றிப் ‘பூட்டிவிட்டு வைத்தார்’ என்று சொன்னால், ‘வை’ துணைவினையாக இருப்பதை விட்டுத் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடும். கதவைப் பூட்டிய பிறகு சாவியை எங்கே வைத்தார் என்று கேட்பவர் கேட்கத் தொடங்குவார்.