பிரேக் ஆயிலுக்கு முதல் மரியாதை

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் முதன்முறை பைக் ஓட்டப் போகிறவர்கள் சைலன்சரைப் பற்றியும் டயரைப் பற்றியுமே பேசுகிறார்கள். நான் பிரேக் ஆயிலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். லீவர் கைப்பிடிவரை வந்தாலும் வண்டி நிற்காது. "ஊருக்குள் நன்றாகத்தானே பிடிக்கிறது?" என்பார்கள். உண்மைதான், அங்கே பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. 3.7 கிலோமீட்டர் தடத்திலோ நேர்பாதை முடியும்போதெல்லாம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று சூடு ஏறும். புது சைலன்சர் காத்திருக்கட்டும், ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள்.