பென்ஸுக்கு ஒரு டென்ஷனர்

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பழைய டெம்போ டிராவலர் வேன்களில் பலவற்றுக்குள் ஓடுவது பென்ஸ் எஞ்சின். ஓ.எம். 616 என்று பெயர். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் 1973-இல் இதை 240டி காரில் பொருத்தி விற்கத் தொடங்கியது. 1976-இல் வந்த டபிள்யூ 123 வரிசையிலும் இதே எஞ்சின்தான் தொடர்ந்தது. புனேயில் பஜாஜ் டெம்போவாக இருந்து இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்ட நிறுவனம், அதை உரிமம் பெற்று இங்கேயே செய்தது. ஒரு காலத்துத் தூதரகப் பெருமக்கள் பின்சீட்டில் சாய்ந்து போன காரும், திருநள்ளாற்றுக்கு எள்ளுப் பொட்டலத்தோடு போகிற குடும்பங்களின் வேனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

டெல்டாவில் பழைய 240டி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் கார்கள் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்ற நாளிலும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்த நாளிலும் இந்தியாவுக்குள் வந்து, கைமாறிக் கைமாறி ஓடுபவை. காருக்குக் கண்ணாடியோ கதவுப் பிடியோ தேட டெல்லி காஷ்மீரி கேட் வரைக்கும் அலைய நேரலாம். எஞ்சினுக்கு அப்படி இல்லை. அதன் வயிற்றை அறிந்த கைகள் தஞ்சாவூரிலும் மாயவரத்திலும் இருக்கின்றன. வேன் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கைகள் அவை.

அந்த எஞ்சினில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பு டைமிங் செயின் டென்ஷனர். உள்ளங்கையில் அடங்கும். முன்பக்கத்தில் கிராங்க்கிலிருந்து மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும், வழியில் டீசல் பம்ப்புக்கும் ஓர் இரட்டை வரிசைச் செயின் ஓடுகிறது. எந்த நொடியில் வால்வு திறக்க வேண்டும், எந்த நொடியில் டீசல் பாய வேண்டும் என்பதெல்லாம் அந்தச் செயின் சொல்படி. செயின் தேயும், தேய நீளும். நீண்ட தளர்ச்சியை வளைந்த ஒரு தண்டவாளம் பக்கவாட்டில் அழுத்தி எடுத்துக்கொள்கிறது. தண்டவாளத்தை அழுத்துவது டென்ஷனர்.

உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு பிளஞ்சர், ஒரு சின்ன உருண்டை வால்வு. எஞ்சினின் ஆயில் அழுத்தத்தில் ஆயில் வால்வைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் புகும். புகுந்தது எளிதில் திரும்பாது. செயின் தளர்ந்தால் பிளஞ்சர் உடனே முன்னே வரும். செயின் உதைத்தால், அடைபட்ட ஆயில் இடுக்கு வழியாக மெல்லக் கசிந்துதான் வழிவிடும். முன்னே போவதில் வேகம், பின்வாங்குவதில் நிதானம். இரண்டையும் இவ்வளவு சிறிய உருளைக்குள் வைத்த பொறியாளரை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இந்த நிதானத்தைச் சோதிக்கிற ஊர் நம்முடையது. டெல்டாவில் மேடே கிடையாது. ஆற்றங்கரைச் சாலை, குறுகிய மதகுப் பாலம், அறுவடைக் காலத்தில் தாரில் காயும் நெல், பிரகாரத்தைச் சுற்றி ஊர்கிற கூட்டம். எஞ்சின் பாதி நேரம் ஐடிலிங்கில்தான் துடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் சூடேறி இளகிய ஆயில், ஐடிலிங்கில் விழுந்த அழுத்தம், இரண்டும் சேரும்போது நல்ல டென்ஷனரும் சுமாரான டென்ஷனரும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது எல்லா டென்ஷனரும் நல்லதுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டொரு நொடி முன்பக்கம் ஒரு கலகலப்பு கேட்டு அடங்கினால் அஞ்ச வேண்டாம். இரவில் இறங்கிய ஆயில் திரும்ப ஏறும் நேரம் அது. சூடான பிறகும், ஐடிலிங்கிலும், ஒழுங்கில்லாமல் தட்டினால்தான் “செயின் அடிக்குது” என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வார். டீசல் எஞ்சினின் இயல்பான தட்டலுக்கு நடுவே இதைப் பிரித்துக் கேட்க நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக்கொள்வார்கள். மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர் எந்தக் கண் இறங்கியிருக்கிறது என்று தட்டிக் கேட்பதைப் போன்ற காது அது.

இனி கடை. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உள்ளூர் டெம்போ ஸ்பேர் கடையிலோ, மேசைமேல் பெட்டிகள் வரிசையாக வரும்: நட்சத்திரம் போட்டது, ஃபெபி போன்ற ஜெர்மன் பெயர் தாங்கியது, ஃபோர்ஸ் நிறுவனத்தின் சொந்தப் பொருள், பெயரே இல்லாதது. பெயரில்லாததை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெயர் இருப்பதாலேயே எதையும் எடுத்துவிடவும் கூடாது, ஏனென்றால் நல்ல பெட்டிக்குள் போலிச் சரக்கு வருவது இந்த வியாபாரத்தின் பழைய நோய். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும். உடலின் நீளம், பிளஞ்சரின் தலை வடிவம், ஆயில் துவாரம் இருக்கும் இடம், போல்ட் துளைகளின் இடைவெளி எல்லாம் கண்ணெதிரே ஒத்துப்போக வேண்டும். வேனுக்கும் காருக்கும் எஞ்சின் குடும்பம் ஒன்றே என்றாலும், காலப்போக்கில் உறுப்புகள் மாறியிருக்கக்கூடும். இந்த ஒப்பீட்டைத் தவிர்ப்பவரிடம் நான் காரை விடமாட்டேன்.

பிறகு விரல். பிளஞ்சரின் மேல்தோலில் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. வார்ப்பின் மூட்டுக்கோடு பிசிறாக இருந்தால் உள்ளே கடைசலும் அப்படித்தான் இருக்கும். புதுப்பேட்டையில் வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றியது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். அந்த உருண்டை வால்வு எத்தனை லட்சம் கிலோமீட்டர் தட்டித் தேய்ந்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

கடைசிச் சோதனைதான் அழகு. ஒரு கிண்ணத்தில் சுத்தமான எஞ்சின் ஆயில். அதில் டென்ஷனரை நிறுத்தி, பிளஞ்சரை மெல்ல அமுக்கி, மெல்ல விட வேண்டும். முதல் சில அமுக்கல்களில் குமிழி கிளம்பும். காற்றெல்லாம் வெளியேறிய பிறகு பிளஞ்சர் கல்லாகிவிடும். முழு பலத்தையும் போட்டு அமுக்கினால் மயிரிழை மயிரிழையாக, எங்கும் தாவாமல், ஒரே சீராக இறங்கும். “அண்ணே, அமுக்கிப் பாருங்க. கை வலிக்கணும். வலிக்கலேன்னா அத வெச்சுட்டு வேற எடுங்க” என்று ஒரு மெக்கானிக் என்னிடம் சொன்னார். பல பெட்டிகளின் விளம்பரத்தைவிட அந்த ஒரு வாக்கியத்தை நான் மதிக்கிறேன். பாதியில் சட்டென்று இறங்கினாலோ, விட்டதும் ரப்பர்ப் பந்து போலத் துள்ளினாலோ, வால்வு ஆயிலைப் பிடிக்கவில்லை என்று பொருள். ஆயிலில் நனைக்காமல் காய்ந்தபடி பூட்டுவது பாவம். முதல் ஸ்டார்ட்டிலேயே செயின் தண்டவாளத்தை அறையும்.

உலகத்தின் பெரிய கார்களும் இதே இடத்தில் பாடம் படித்திருக்கின்றன. போர்ஷே 911-இல் டென்ஷனருக்கு எஞ்சின் ஆயில் அழுத்தத்தையே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது 1984 மாடல் கரேராவில். 1996-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே8-இன் வி8 எஞ்சினில் மேல் செயின்களின் டென்ஷனர் உடல் பிளாஸ்டிக். அது வெடிப்பு விட்ட பிறகு, 2001 வாக்கில் உலோக உடலுக்கு மாறினார்கள். 1973-இன் டீசலுக்கு உலோகத்தில் செய்து கொடுத்ததை, கால் நூற்றாண்டு கழித்து அவர்கள் திரும்பவும் கண்டடைய வேண்டியிருந்தது.

டென்ஷனரை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது அரைவேலை. அது அழுத்துகிற தண்டவாளத்தின் மேல்பூச்சு வயதாகி மொறுமொறுவென்று ஆகியிருக்கும். உடைந்த துணுக்கு ஆயில் சம்ப்பில் கிடக்கும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். செயினின் வயதையும் அளக்கலாம். கேம் ஷாஃப்ட்டின் கோடும் அதன் தாங்கியின் கோடும் ஒன்று சேரும் வரை கிராங்க்கைக் கையால் சுற்றி, கீழே புல்லியில் எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓரிரண்டு டிகிரி வயதுக்கு மரியாதை. பத்தைத் தொட்டால் செயினையே மாற்றியாக வேண்டும். புதுச் செயினைப் பழையதன் நுனியில் கோர்த்து, ஒருவர் கிராங்க்கைச் சுற்ற, மற்றொருவர் இரு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஊட்ட வேண்டும். செயின் செய்வதில் தமிழ்நாட்டுக்குப் பேர் உண்டு, அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். ஆனாலும் இந்த எஞ்சினுக்கு மியூனிக் ஐவிஸ் செயின் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

என் தேர்வைக் கேட்டால்: ஆயிலில் கையை வலிக்கவைத்த ஜெர்மன் பெட்டி முதலில். அது வர ஒரு மாதம் ஆகுமென்றால், அதே சோதனையில் தேறிய ஃபோர்ஸ் பொருளைத் தயங்காமல் பூட்டலாம். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் மணிக்கணக்காக ஐடிலிங்கில் நிற்கும் வேன்களில் தினமும் பரீட்சை எழுதுகிற பொருள் அது. பூட்டியதும் சாவியைத் தொடக் கூடாது. கிராங்க்கை அதன் ஓட்டத் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றி, மேல்கோடும் கீழ்க்கோடும் மறுபடி சந்திக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஹெட் கவரை மூட வேண்டும்.