மெரியன் கூப்பரின் இரு பயணங்கள்

தாம் படைத்த கதைகளையும் விஞ்சும் வாழ்வு வாழ்ந்த ஆலிவுட் இயக்குநர் மெரியன் கூப்பர் (1893–1973). முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய அவர், 1918இல் விமானம் தீப்பற்றி வீழ, கைகள் கருகிய நிலையில் செருமானியரிடம் சிறைப்பட்டார். பின்னர்ப் போலந்தின் பொருட்டுச் சோவியத்துப் படையை எதிர்த்துப் பறந்து, 1920இல் மீண்டும் சிறையுற்று, தப்பி லாத்வியா சேர்ந்தார். இத்துணிவு அவர்தம் கலைக்குத் தந்தது யாது என்பதே நாம் ஆராயத்தக்கது.

ஷோட்சாக், மார்கரெட் ஹாரிசன் இருவருடனும் பாரசீகம் சென்று அவர் எடுத்த ஊமைப்படம் 'புல்' (1925). மேய்ச்சல் நிலம் நாடிப் பக்தியாரி மக்கள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் பயணமே அதன் பொருள். காற்றடைத்த ஆட்டுத்தோல்களால் ஆன தெப்பங்களில் காரூன் ஆற்றைக் கடக்கின்றனர். மந்தைகளோடு ஜர்த் கூ மலையின் பனியில் வெறுங்காலுடன் ஏறுகின்றனர். இடையிடையே தோன்றும் எழுத்துரைகளின் மலிவான வேடிக்கை உறுத்தினும், படக்கருவி அம்மக்களை மதித்தே நோக்குகிறது. இங்கே வீரம் கூப்பருடையதன்று. குழந்தையைத் தோளில் சுமந்து நடக்கும் எளியோருடையது.

எட்டு ஆண்டுகட்குப் பின் வந்த 'கிங் காங்' படத்திலோ பயணம் திசைமாறுகிறது. கார்ல் டென்ஹம் என்னும் படப்பிடிப்பாளன் தொலைதூரத் தீவின் பேருயிரை விலங்கிட்டு நியூயார்க்கிற்குக் கொணர்ந்து, கட்டணம் பெற்றுக் காட்டுகிறான். டென்ஹம் கூப்பரின் சாயலிலேயே படைக்கப்பட்டவன். காங்கைச் சுட்டு வீழ்த்தும் விமானத்தில் அமர்ந்து நடித்தோரும் கூப்பர், ஷோட்சாக் என்னும் இயக்குநர் இருவருமே! டென்ஹம் பழியை அழகின்மீது சுமத்தி விலகுகிறான். நம் நெஞ்சமோ வீழ்ந்த விலங்கின் பக்கமே நிற்கிறது. வேட்டையாடியவனே தன் வேட்டையை விசாரணைக்கு உட்படுத்தும் இவ்விடமே படத்தின் சிகரம்.

எனினும் குறை ஒன்று உண்டு. பக்தியாரியரோடு உடன்நடந்து அறிந்தவர், தீவு மக்களைக் கூச்சலிடும் கும்பலாகவே காட்டினார். விலங்கிற்கு அளித்த பரிவை அம்மனிதர்க்கு அளித்தாரல்லர். தொழில்நுட்பச் சிறப்பைப் போற்றுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நமக்கு இவ்விரு படங்களும் சேர்ந்தே பொருள்தருவன. பக்தியாரியர் தம் சுற்றத்தோடும் மந்தையோடும் தாமே செல்கின்றனர். காங்கோ பிறரால் கொண்டுசெல்லப்படுகிறது. முன்னது வாழ்வு, பின்னது காட்சிப்பொருள். இவ்வேறுபாட்டைத் திரையில் நிறுத்தியதே கூப்பரின் போர்க்களச் சாகசங்களினும் நிலைக்கத்தக்க சாதனை.