சரிகமவுக்கு ஒரு முனைவர் பட்டம்

1937 அக்டோபர் 27. புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நிலை மோசமாகி, செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கினார் உஸ்தாத் அப்துல் கரீம் கான். அங்கேயே உயிர் பிரிந்தது. இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்ற பாணியின் பெரும் பாடகர் அவர். மைசூருக்கும் மதராஸுக்கும் வந்துபோன பழக்கத்தில் நம்மவர்களின் கற்பனாஸ்வரத்தில் மனம் தோய்ந்து, அந்தச் சாயலைக் கயால் என்ற பாட்டு வடிவத்துக்குள், ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் பாடும் ‘சர்கம்’ ஆகக் கொண்டுபோனவர்.

அந்த ஸ்வரங்களுக்காகப் பின்னாளில் வக்காலத்து வாங்கியவர் புனேயில் பிறந்த ஒரு பெண். உண்மையிலேயே சட்டம் படித்தவர்: பிரபா அத்ரே.

அவருக்கு முன்னால் பாதை போட்டவர் கான் சாகிபின் மகள் ஹீராபாய் படோதேகர். ‘பாடகி’ என்றாலே சமூகம் ஒரு மாதிரியாகப் பார்த்த காலத்தில், டிக்கெட் வைத்துப் பொதுமேடையில் கச்சேரி செய்தவர். அவரிடமும் அவருடைய அண்ணன் சுரேஷ்பாபு மானேயிடமும்தான் பிரபா பயின்றார்.

1932-இல் பிறந்த பிரபா, இசைக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. உடல்நலம் சரியில்லாத அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒரு நண்பர் சொல்ல, வீட்டில் பாட்டு வகுப்பு தொடங்கியது. அம்மா சீக்கிரமே விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்து கேட்ட எட்டு வயது மகள் பிடித்துக்கொண்டாள். ஃபெர்குசன் கல்லூரியில் அறிவியல், பிறகு சட்டம், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைக் கோட்பாட்டுத் தேர்வு என்று படிப்பும் கூடவே நடந்தது.

சர்கம் வடக்கே எல்லோருக்கும் உவப்பானதல்ல. ஸ்வரத்தின் பெயரைச் சொன்னால் ராகத்தின் மயக்கம் கலைந்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் கட்சி. பிரபா அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து முனைவர் பட்டம் பெற்றார். மேடையிலும் நிரூபித்தார். எடுப்புக்கு வந்து விழும் கணக்கும் கோர்வையும் அவருடைய சர்கத்தில் பிரதானமல்ல. ஆலாபனையின் நிதானத்திலேயே ஒரு ஸ்வரம் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்லும். மாரு பிஹாக்கும் கலாவதியும் அடங்கிய அவருடைய இசைத்தட்டு இதற்குச் சாட்சி. கலாவதி வேறொன்றும் இல்லை, நம் வலஜிதான்.

இன்னொரு விஷயம் முக்கியம். கயால் பாடல்களில் பேசுவது பெரும்பாலும் ஒரு பெண், காத்திருப்பவள், ஊடுபவள். எழுதியவர்களோ அநேகமாக ஆண்கள். பிரபா தாமே நூற்றுக்கணக்கான பந்திஷ்களை, அதாவது கயால் உருப்படிகளை, இயற்றினார்; ‘ஸ்வராங்கிணி’, ‘ஸ்வரரஞ்சனி’ நூல்களில் அவை உள்ளன. அபூர்வ கல்யாண், மதுர கௌன்ஸ் போன்ற ராகங்களையும் உருவாக்கினார். ஜாஸ் உலகில் மேரி லூ வில்லியம்ஸை இதற்கு இணையாகச் சொல்லலாம். பியானோவில் அவர் விரல்களை வியந்தவர்கள் உண்டு. ஆனால் ஆண்டி கிர்க், பென்னி குட்மன் குழுக்களுக்கு இசை எழுதித் தந்ததும், 1945-இல் ‘ஸோடியாக் சூட்’ படைத்ததும்தான் அவரைத் தனித்து நிறுத்துகின்றன. பிரபாவையும் பாடகி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதிக் கணக்கு.

வானொலிப் பணி, மும்பை எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் இசைத் துறைத் தலைமை, 2022-இல் பத்ம விபூஷண் என விரிந்தது அவர் வாழ்க்கை. 2024 ஜனவரி 13 அதிகாலை, 91 வயதில், புனேயில் மாரடைப்பால் காலமானார். அன்று மும்பையில் அவருக்குக் கச்சேரி இருந்தது.