மடிக்கணினியின் எடையும் விரலின் உழைப்பும்

ஜவ்வாது மலையிலிருந்து சமவெளிக் கல்லூரிகளுக்குப் படிக்க வரும் மாணவர்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகளுள் இந்நாளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சார், பழைய லேப்டாப்பை மாற்றலாம் என்றிருக்கிறேன். கனம் இல்லாததாக வாங்கலாமா, டைப் அடிக்க நன்றாக இருப்பதாக வாங்கலாமா?" என்பதே அது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. கடைக்காரர் அப்படித்தான் சொல்கிறார். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. இந்தப் பகை உண்மையானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி சிறியதன்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பின்னரே மலைக் கிராமத்து வீடுகள் பலவற்றில் இக்கருவி நுழைந்தது. அது பழுதான பிறகு அடுத்ததைச் சொந்தப் பணத்தில்தான் வாங்கியாக வேண்டும். அப்படி வாங்குவது ஐந்தாறு ஆண்டுகளாவது உழைத்தாக வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ, காவலூர், ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூருக்கோ பேருந்தில் நின்றுகொண்டு போகிறவனுக்குத் தோள் வலி ஒரு செய்தி. விடுதியில் இரவெல்லாம் செயல்திட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்கிறவனுக்கு விரல் வலி மற்றொரு செய்தி.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். இயற்பியலில் 'விசை' என்பது ஒரு பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது. கணினியில் நாம் அழுத்துவதையும் 'விசை' என்றே வழங்குகிறோம். குழப்பம் நேராதிருக்க, அழுத்தப்படுவதை இங்கே 'பொத்தான்' என்றே குறிப்பிடுவோம்.

தோளின் கணக்கு

ஒரு மடிக்கணினி 1.2 கிலோகிராம், மற்றொன்று 2.2 கிலோகிராம் என்று கொள்வோம். வேறுபாடு ஒரு கிலோகிராம். இதைச் சுமந்துகொண்டு 300 மீட்டர் உயரம் மலையேறினால், கூடுதலாகச் செய்யும் வேலை 1 × 9.8 × 300, அதாவது 2,940 ஜூல். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. அதையும் கணக்கில் கொண்டால் உடலுக்கு ஆகும் செலவு சுமார் 3 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை இதைப் போல் ஐந்து மடங்கு ஆற்றலைத் தரும்! ஆகவே "கனமானதைத் தூக்கினால் உடம்பு களைத்துவிடும்" என்ற வாதம் வேலைக் கணக்கில் நிற்பதில்லை.

ஆனாலும் தோள் வலிக்கிறது. ஏன்? வலிக்குக் காரணம் வேலையன்று, அழுத்தம். மடிக்கணினி, மின்னூட்டி, புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து பை 5 கிலோகிராம் இருந்தால் அதன் எடை 49 நியூட்டன். பையை ஒரே தோளில், 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையால் தொங்கவிடுகிறோம் என்போம். பட்டை தோளில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பதிந்தால் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சுமார் 12,250 பாஸ்கல். தோலின் அடியிலுள்ள நுண்குழல்களில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது சுமார் 4,300 பாஸ்கல்தான். பட்டை அதைப்போல் மூன்று மடங்கு அழுத்துகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைபடுகிறது; தோள் மரத்துப்போகிறது.

இப்போது ஒரு கிலோகிராம் குறைந்த கணினியை வாங்கிப் பழைய பையிலேயே வைத்தால் அழுத்தம் 9,800 பாஸ்கலுக்கு வரும். இன்னும் அது இருமடங்குக்கு மேல்தான். மாறாக, கணினியை மாற்றாமல், 6 சென்டிமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகள் கொண்ட பையை முதுகில் மாட்டினால் பரப்பு 120 சதுர சென்டிமீட்டராகிறது. அழுத்தம் சுமார் 4,100 பாஸ்கலுக்கு இறங்குகிறது. இது தோராயக் கணக்குதான். எனினும் இது காட்டும் திசை தெளிவானது: தோளைப் பொறுத்தவரை, புதிய கணினியைவிட நல்ல பை அதிக நன்மை செய்கிறது. அதன் விலையோ கணினி விலையில் மிகச் சிறு பகுதி.

விரலின் கணக்கு

மடிக்கணினிப் பொத்தானின் அடியில் கத்தரிக்கோல் வடிவில் குறுக்காகப் பிணைந்த இரு நெகிழித் துண்டுகளும், அவற்றின் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு ரப்பர்த் துண்டும் உள்ளன. பொத்தானை அழுத்தும்போது எதிர்ப்பு விசை முதலில் ஏறுகிறது, ஏறத்தாழ 0.6 நியூட்டனை எட்டியதும் ரப்பர்க் கிண்ணம் சட்டென மடிகிறது; விசை திடீரென இறங்குகிறது. பிறகு பொத்தான் அடியில் மோதும்போது மீண்டும் செங்குத்தாக ஏறுகிறது. நடுவில் வரும் அந்த இறக்கமே "எழுத்து விழுந்துவிட்டது" என்று விரலுக்குக் கிடைக்கும் செய்தி.

இங்கும் வேலைக் கணக்குப் பயன்படாது. சராசரி 0.5 நியூட்டன் விசையுடன் 1.5 மில்லிமீட்டர் ஆழம் அழுத்தினால் ஒரு தட்டலுக்கு 0.75 மில்லிஜூல். பத்தாயிரம் தட்டலுக்கும் 7.5 ஜூல்தான். ஆழம் 0.5 மில்லிமீட்டரானால் 2.5 ஜூல். மிச்சமாகும் 5 ஜூல், ஒரு கிலோகிராம் அரிசியை அரை மீட்டர் தூக்குவதற்குச் சமம். இதற்காக எவரும் ஆழமற்ற பொத்தானைத் தேடிப் போக வேண்டியதில்லை.

விரலைக் களைக்கச் செய்வன இரண்டு. ஒன்று, மோதல். ஓடிவரும் விரல் குறைந்த தூரத்தில் நின்றால் அதைத் தடுக்கும் விசை அதே அளவுக்குக் கூடும். நிற்கும் தூரம் ஐந்தில் ஒரு பங்கானால் விசை ஐந்து மடங்கு. மற்றொன்று, ஐயம். பொத்தான் விழுந்ததா இல்லையா என்பது தெளிவாகத் தெரியாவிட்டால், விரல் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டுகிறது. தட்டச்சுப் பயிலகங்களில் ரெமிங்டன் பொறியில் பழகி இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதியவர்கள் மடிக்கணினியையும் ஓங்கித் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறியின் நீண்ட இறக்கத்துக்கு அவர்கள் விரல் பழகிவிட்டது.

இதனால் ஆழமான பொத்தானெல்லாம் நல்லது, ஆழம் குறைந்ததெல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 1 மில்லிமீட்டர் ஆழமே இருந்தாலும் நடு இறக்கம் தெளிவாக இருந்தால் அது, 1.8 மில்லிமீட்டர் ஆழத்தில் சேற்றில் மிதிப்பதுபோல் அமுங்கும் பொத்தானைவிட மேலானது. ஆனால் ஆழம் அரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால், தெளிவான இறக்கத்தை அமைக்க இடமே இல்லாமற் போகிறது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இனி மையக் கேள்விக்கு வருவோம். பொத்தானின் ஆழத்தைக் கூட்டினால் கணினியின் கனம் எவ்வளவு கூடும்?

மடிக்கணினியின் உடல் 31 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம் என்போம். அதன் தடிமனை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் மேற்பரப்பும் அடிப்பரப்பும் மாறுவதில்லை. பக்கச் சுவர் மட்டும் ஒரு மில்லிமீட்டர் உயர்கிறது. சுற்றளவு 106 சென்டிமீட்டர்; சுவர்க் கனம் 1.5 மில்லிமீட்டர், அலுமினியத்தின் அடர்த்தி 2.7. பெருக்கிப் பார்த்தால் கூடும் பொருள் 4.3 கிராம்! உள்ளே கூடுவதெல்லாம் பெரும்பாலும் காற்று. பொத்தானின் பிணைப்பு, அடித்தகடு முதலியவற்றுக்கு இதுபோல் பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும் 50 கிராமைத் தாண்டாது.

கணினியின் கனம் வேறிடத்தில் இருக்கிறது: திரையின் பரப்பு, மின்கலம், வெப்பத்தை வெளியேற்றும் செம்புக் குழாய்களும் விசிறியும், உடலின் உலோகம், கடைசியாக நாம் மறந்துவிடும் மின்னூட்டி. 15.6 அங்குலத் திரையிலிருந்து 14 அங்குலத்துக்கு இறங்குவது தரும் எடைக் குறைவு, பொத்தானைத் தட்டையாக்குவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் பொத்தானை ஏன் தட்டையாக்குகிறார்கள்? எடைக்காக அன்று, தடிமனுக்காக. எடையைக் கையில் எடுத்தால்தான் தெரியும். தடிமனையோ படத்திலேயே காட்டிவிடலாம். விளம்பரத்தில் கணினியைப் பக்கவாட்டில் நிறுத்திக் காட்டுவதன் இரகசியம் இதுவே.

ஒரு நிறுவனம் கற்ற பாடம்

இது வெறும் தாள் கணக்கன்று என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2015-இல் ஆப்பிள் நிறுவனம் 920 கிராம் எடையும் 13.1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. அதில் கத்தரிப் பிணைப்புக்குப் பதிலாக, 40 விழுக்காடு மெலிதான 'வண்ணத்துப்பூச்சி' அமைப்பு. பொத்தான் இறங்கும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பின்னர் இது அந்நிறுவனத்தின் மற்ற மடிக்கணினிகளுக்கும் பரவியது.

விளைவு என்ன? இடைவெளி மிகச் சிறியதாதலால் ஒரு தூசு புகுந்தாலே பொத்தான் சிக்கிக்கொண்டது; ஓர் எழுத்து இருமுறை விழுந்தது, அல்லது விழவே இல்லை. 2018 ஜூனில் நிறுவனமே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குலக் கணினியில், 1 மில்லிமீட்டர் ஆழமுள்ள கத்தரிப் பிணைப்புக்கே திரும்பினார்கள். 2020 மே மாதத்துக்குள் எல்லா வகைகளிலும் மாற்றிவிட்டார்கள். 2022-இல் அமெரிக்காவில் பயனாளர் தொடுத்த வழக்கில் 5 கோடி டாலர் தர உடன்பட்டார்கள்.

நமக்கு வேண்டிய எண் இங்கேதான் கிடைக்கிறது. 2018-இல் வந்த மேக்புக் ஏர் வண்ணத்துப்பூச்சிப் பொத்தான்களுடன் 1.25 கிலோகிராம், 15.6 மில்லிமீட்டர். 2020-இல் அதே அளவுத் திரையும் ஏறத்தாழ அதே மின்கலமும் கொண்டு, கத்தரிப் பொத்தான்களுடன் வந்த ஏர் 1.29 கிலோகிராம், 16.1 மில்லிமீட்டர். வேறுபாடு 40 கிராமும் அரை மில்லிமீட்டரும். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லாத ஒன்றை மிச்சப்படுத்தவா இத்தனை தொல்லை?

மலைச் சாலைப் புழுதியில் நாள்தோறும் பயணம் செய்யும் கணினிக்கு இந்தப் பாடம் இன்னும் பொருந்தும். மெலிந்த கணினிகள் பலவற்றில் விசைப்பலகை மேலுறையோடு சேர்த்து அறையப்பட்டிருக்கிறது. ஒரு பொத்தான் கெட்டால் மேலுறை முழுவதையும் மாற்ற வேண்டும். பழுதுபார்க்கும் நிலையத்துக்கு வேலூர் வரை போய்வரும் மாணவனுக்கு ஒரு நாள் வகுப்பும் போகும்.

தமிழ் எழுதுவோர்க்கு

விரலின் சுமையைக் குறைக்கக் காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டு, அவ்வாண்டே தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பு அது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துக்களையும் ஷிப்ட் இல்லாமலே தட்டலாம். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஆகவே உயிர்மெய் எழுதும்போது கைகள் மாறிமாறி ஓய்வு பெறுகின்றன. இரட்டிக்கும் மெய்க்கும், ந-த போன்ற இணைக்கும் புள்ளி தானே விழுகிறது.

'பந்து' என்பதற்கு ப, ந, த, உ என நான்கு தட்டல். ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஆறு. 'கட்டுரை'க்கு ஆறு, ஆங்கில வழியில் எட்டு. இவ்விரு சொற்களுக்கும் சேர்த்து பத்துக்குப் பதினான்கு. தமிழில் பாடக்குறிப்பும் வினாத்தாளும் அடிக்கும் ஆசிரியருக்கும், தமிழ்வழி மாணவருக்கும் இந்தச் சிக்கனம் எந்த விலையுயர்ந்த கணினியும் தராதது. சில வாரப் பயிற்சிதான் இதன் விலை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

சுருங்கச் சொன்னால், தோள் சுமையைப் பையால் குறைக்கலாம். தட்டல்களின் எண்ணிக்கையைத் தமிழ்99-ஆல் குறைக்கலாம். வாங்கிய பிறகு எதனாலும் மாற்ற முடியாதது பொத்தானின் தரம். தனி விசைப்பலகை ஒன்றை உடன் சுமந்தால் மிச்சம் பிடித்த எடை அங்கேயே போய்விடும். ஆகவே முதலில் எடைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டியும் சேர்த்து 2 கிலோகிராம் என்பது நியாயமான வரம்பு. அந்த வரம்புக்குள் வருபவற்றுள் விசைப்பலகையை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

கடையில் நின்று பத்து நிமிடம் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து பாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும் நடுவில் மட்டுமின்றி மூலையிலும் அழுத்துங்கள். சாயாமல் இறங்க வேண்டும். விசைப்பலகையின் நடுப்பகுதி தட்டும்போது பள்ளம் விழக்கூடாது. அடுத்தடுத்த பொத்தான்களின் மையங்களுக்கிடையே ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். விசைப்பலகையை மட்டும் மாற்ற முடியுமா, என்ன விலை என்று கேளுங்கள்.

உற்பத்தியாளரிடமும் ஒன்று கேட்க வேண்டும். விவரத் தாளில் உடலின் தடிமனைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அச்சிடுகிறவர்கள், பொத்தானின் ஆழத்தையும் விசையையும் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அளக்க முடியாதவையா அவை? எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் அளக்கலாம். ஐந்தாண்டு உழைக்க வேண்டிய கருவியைக் கடன்பட்டு வாங்குகிறவனுக்கு அந்த இரண்டு எண்களையும் அறியும் உரிமை உண்டு.