ஈரம் அறிந்த கை

ஊறிய பச்சரிசியை வடித்து, நிழலில் விரித்த பழைய வேட்டியில் பரப்பிவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்பார் பெரியம்மா. ஒரு பிடி அள்ளி, இறுக்கி, கையை விரிப்பார். எல்லா அரிசியும் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை. ஒன்றுகூட ஒட்டவில்லையென்றால் காய்ந்துபோயிற்று. அதற்குமேல் தண்ணீர் தெளித்தாலும் பழைய பதம் திரும்பாது. பாதி உதிர வேண்டும், பாதி உள்ளங்கையில் தங்க வேண்டும். "ம், இப்போ போடுடி" என்பார் அக்காவிடம். அந்த "இப்போ" பத்து நிமிஷம்கூட நிற்காது. அதற்குள் அரிசி உரலில் விழுந்தாக வேண்டும்.

திருச்சி அரியமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அந்த உரல் இன்னும் இருக்கிறது. தெருமுனையில் மாவு மில் வந்து, மிக்ஸி வந்து, பாக்கெட் மாவும் வந்த பிறகு அது துளசித் தொட்டியைத் தாங்கும் மேடையாகிக் கிடந்தது. அக்கா பேத்திக்குச் சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் தொட்டி கீழே இறங்கியது. உரலைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, முதல் தடவை தவிட்டைப் போட்டுக் குத்திக் கொட்டினோம். அன்றுமுதல் எங்கள் வீட்டில் மாவு மறுபடியும் பேசப்படும் பொருளாகியிருக்கிறது.

சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அது உள்ளே போனால் உடம்பு தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிக்கொள்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும், வீச்சுப் பரோட்டா கிழியாமல் விரிவதும் அந்தப் புரதத்தால்தான். இந்த நோய்க்குக் கோதுமையே காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். அவர் முன்பே கொண்டிருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கப் பத்தியம்தான்.

ரொட்டியே சோறாக உள்ள நாடுகளில் இந்தப் பத்தியம் பெரும்பாடு. கோதுமையை எடுத்துவிட்டால் மாவு நிற்காது; அதை நிற்க வைக்கப் பிசினும் பொடியும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பாக்கெட்டை நாங்களும் விலை கொடுத்து வாங்கினோம். பிரித்ததுமே பழைய வாடை. குழந்தை ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளியது. பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இடியாப்பத்துல என்னைக்குடி கோதுமை போட்டோம்?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. இழுபட வேண்டும் என்று நம் அடுப்படி மாவிடம் கேட்டதே இல்லை. இட்லி, ஆப்பம், கொழுக்கட்டை, புட்டு, அடை, களி எதிலும் அந்தக் குணத்துக்கு வேலையில்லை. நம் பெண்கள் மாவிடம் பார்த்தது இரண்டே: எவ்வளவு ஈரம், எவ்வளவு நைசு. இந்த இரண்டையும் கையாலேயே அளந்து, ஒரே அரிசியிலிருந்து அரை டஜன் மாவு எடுத்தார்கள். உலகத்தில் மாவு என்ற பொருளை இதைவிட நுட்பமாக அறிந்த கைகள் அதிகம் இருக்க முடியாது என்பது என் துணிபு.

அரிசியை ஏன் ஊறவைத்து இடிக்க வேண்டும்? காய்ந்த அரிசி கண்ணாடி மாதிரி. அதை மில்லில் போட்டால் கல்லின் சூட்டிலும் அழுத்தத்திலும் மாவுச்சத்துத் துகள்களே உடைந்து சேதப்படுகின்றன. அந்த மாவு தண்ணீரை அளவில்லாமல் குடிக்கும், பலகாரம் விறைத்துப்போகும். ஊறிய அரிசி இளகியிருப்பதால், துகள் அதிகம் சிதையாமல் பொலபொலவென்று உதிரும். மாவு விரலுக்கிடையில் பட்டாக நழுவும். உணவு விஞ்ஞானம் இதைக் கருவிகொண்டு அளக்கிறது. பெரியம்மா உள்ளங்கையில் ஒட்டிய அரிசியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இடித்ததைச் சலித்ததும் பாதைகள் பிரிகின்றன. ஈரம் ஆறாமல் அப்படியே வெல்லப்பாகில் விழுந்தால் அதிரசம். அந்த ஈரம் போய்விட்டால் அதிரசம் எண்ணெயில் விரிந்து பிரிந்துவிடும். புட்டுக்கு மாவைக் கொஞ்சம் கொரகொரப்பாக விட்டு, லேசாக வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். இடியாப்பத்துக்கு மட்டும் வறுவல் கூடுதல். அதன் பதத்துக்கு ஒரு சோதனை உண்டு. அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே வரும்போது, முதலில் ஈர மாவு கட்டி கட்டியாக உருளும். பிறகு ஆவி வரும். ஆவி அடங்கும் நேரத்தில், பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தரையில் இழுத்துப் பார்ப்பார். கோடு அறுந்து அறுந்து விழுந்தால் இன்னும் ஆகவில்லை. அறுபடாமல் ஒரே இழையாக ஓடினால் அடுப்பை அணைத்துவிட வேண்டும்; ஒரு நிமிஷம் தாண்டினால் நிறம் மாறிவிடும். "கோலம் போடுது பாருடி" என்று அவர் சொல்லும்போது அந்தத் தரையில் ஒரு சிறு கோடும் இருக்கும். வாசலில் கோலம் இழுத்துப் பழகிய விரல்களுக்கு இந்தச் சோதனை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த மாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறும்போதுதான் குளூட்டனுக்கு மாற்று நடக்கிறது. சூட்டில் மாவுச்சத்து உப்பி, பசையாகி, தானே தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. வெந்நீர்தான் நம் பிசின். கேழ்வரகு ரொட்டி, சோள ரொட்டி தட்டுவதற்கும் இதே வழிதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஓரம் வெடிக்கும், கொதித்திருந்தால் வெடிக்காது.

அடுப்பே ஏறாத மாவும் நம்மிடம் உண்டு. ஊறிய அரிசியை வெல்லத்தோடு இடித்த துள்ளுமாவு. இங்கிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டினால் சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவும் இளநீரும் பானகமும் போன்றவைதான் படையல். தன் ஊர்ச் சாமியின் பத்தியமும் தன் பத்தியமும் ஒன்றுபோல இருப்பது அக்கா பேத்திக்குப் பெரிய சந்தோஷம்.

அரிசி மட்டுமா? துறையூர், முசிறி, மணப்பாறைப் பக்கத்து மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் விளைகின்றன. காந்தி மார்க்கெட் எங்களுக்குப் பக்கம். தானியம் வாங்க அலைச்சல் இல்லை. கம்பு கொஞ்சம் கர்வமுள்ள தானியம். தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து, உரலில் நிதானமாகக் குத்தி, முறத்தில் புடைத்துத் தோலைப் பறக்கவிட்ட பிறகுதான் வழிக்கு வரும். அதன் முளைக்கருவில் எண்ணெய் அதிகம். இடித்தால் அந்த எண்ணெய் வெளிவந்து சில நாளிலேயே சிக்கு வாடை தட்டிக் கசக்கத் தொடங்கும். எனவே கம்பு மாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவே எடுப்பது வழக்கம். நாங்கள் தூக்கிப்போட்ட அந்தப் பாக்கெட்டில் இல்லாமல் போனது இந்தப் புதுமைதான் என்று இப்போது புரிகிறது. வரகு, சாமை, குதிரைவாலி இவற்றின் உமியை வீட்டில் நீக்குவது கடும் உழைப்பு; அரிசியாகவே வாங்கி இடிப்பதில் குற்றமில்லை.

என் நாக்குக்கு முதலிடம் முளைகட்டிய கேழ்வரகு மாவுக்குத்தான். கல் அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ துணிக்கு வெளியே வெள்ளை நூல்கள் எட்டிப்பார்க்கும். நிழலில் காயவைத்து, வாசனை எழும் மட்டும் வறுத்தால் போதும். அதிகம் வறுத்தால் முளைப்பில் பிறந்த நொதிகள் செத்துப்போகும். அந்த நொதிகள்தான் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கமாக்குகின்றன. கைக்குழந்தைக்கு அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்த்துக் கொடுக்க முடிவது அதனால்தான். கேழ்வரகின் மேல்தோல் விதையோடு ஒட்டியிருப்பதால் அரைத்தால் எல்லாம் சேர்ந்தே வரும். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. சல்லடையில் நிற்கும் கப்பியையும் இரண்டாம் தரம் இடித்துச் சேர்த்துவிட வேண்டும்.

உரல் இல்லாதவர்கள் மிக்ஸியிலேயே செய்யலாம். ஒரு தம்ளருக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டி, ஜார் சுட்டால் ஆறவிட்டு, சலித்து, கப்பியை மறுபடி அரைக்க வேண்டும். மாவைப் பரப்பிச் சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டு இடத்தில் கோதுமை சொல்லாமல் நுழைகிறது. ஒன்று, பெருங்காயம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். எங்கள் குழந்தையின் ரசம் பல மாதம் அப்படித்தான் கெட்டது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது; பெட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். இன்னொன்று, மில். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உலக அளவுகோல். நம் நாட்டிலும் அதுதான். முன்னால் வந்தவரின் கோதுமை கல்லில் ஒட்டியிருந்தாலே அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

மாவு மில் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிறீர்கள், சீயக்காய்க்குத் தனியாக வைத்திருக்கிறீர்கள், ஈர அரிசிக்கும் பல இடங்களில் தனியாக உண்டு. அந்த ஈர அரிசி மெஷினில் கோதுமையை மட்டும் என்றைக்கும் போடாமல், சல்லடையையும் மூடும் துணியையும் தனியாக வைத்து, சுவரில் ஒரு வரி எழுதி மாட்டுங்கள். உரல் இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் இடியாப்பம் கிடைக்கும்.